தொடர் பார்ப்பவர்களைத் தேடி 43,000 ராண்ட் போன கதை

சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறீர்கள். யாரோ வந்து, "இப்போ யாரும் டிவி பார்க்கிறதில்லை, எல்லாரும் ஓடிடியிலதான் தொடர்களை ஒரே மூச்சில பார்க்கிறாங்க, விளம்பரத்தையும் அங்கேயே போடுங்க" என்கிறார். அவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை, அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பிவிடுகிறோம். 2023-இல் ஜூன் முதல் நவம்பர் வரை இந்த இரண்டாம் பாதிக்காக நான் 43,000 ராண்ட் கொடுத்தேன். அப்போது யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னைப் போல் கடை நடத்தும் யாராவது ஒருவர் முன்பே எச்சரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை. பூஜைச் சாமான், குத்துவிளக்கு, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை எல்லாம் கிடைக்கும். ஆரம்பித்தது என் மாமியார். திருநெல்வேலியில் இருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது கடைக்கு விளம்பரம் என்று தனியாக எதுவும் கிடையாது. கோயில் திருவிழா மலரில் அரைப் பக்கம், பேட்டை வீடுகளில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் பத்திரிகையில் ஒரு கட்டம், தீபாவளிக்கு முன் ரேடியோவில் சில நாள், அவ்வளவுதான். 1983-இல் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம் இந்தியர் வீட்டுச் சமையலறைகளில் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அது போதுமாக இருந்தது. தொலைக்காட்சியும் எங்களுக்குக் காசில்லாமலே உதவியது. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976-இல்தான். பிறகு தொண்ணூறுகளில் டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவி வந்து, அதில் தமிழ்ச் சேனல்களும் சேர்ந்தன. ஒரே தொடரை ஊரே ஒரே நாளில் பார்க்கும். மறுநாள் காலையில் ஒரு ஆயா வந்து (இங்கே பாட்டியை ஆயா என்பார்கள்) "நேத்து மருமகப் பொண்ணு கட்டியிருந்துச்சே அந்தப் பச்சை" என்பார். அன்று மாலைக்குள் அதே பச்சையைக் கேட்டு இன்னும் நான்கு பேர் வருவார்கள். எந்தப் பச்சை என்று எனக்கும் தெரியும், நானும் பார்த்திருப்பேன்.

அந்த மறுநாள் காலைதான் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. 2016 ஜனவரியில் அது தென்னாப்பிரிக்காவுக்கும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஷோமேக்ஸ் என்ற இந்த நாட்டு ஓடிடி தளம் வந்திருந்தது. வீடுகளுக்கு ஃபைபர் இணையம் வர வர, ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. விளம்பரம் கொடுப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வாரம் ஒரு பகுதி என்றால் ஒரு தொடர் 13 வாரம் ஓடும், விளம்பரமும் 13 வாரம் கண்ணில் படும், அதற்குள் சம்பளம் மூன்று முறை வந்துவிடும். வாங்கும் எண்ணம் மனதில் ஊற அவகாசம் இருந்தது. அதே தொடரை இரண்டு இரவில் முடித்துவிட்டால், மூன்றாம் நாள் அது பழங்கதை. என் கடைக்கு வரும் மூன்று பெண்கள் ஒரே தொடரைப் பார்த்திருப்பார்கள். ஒருத்தி போன மாதமே முடித்திருப்பாள், இன்னொருத்தி பாதியில் இருப்பாள், மூன்றாமவள் இனிமேல்தான் தொடங்குவாள். "கதையைச் சொல்லிடாதீங்க" என்று காதைப் பொத்திக்கொள்வாள். ஊர் பேசும் பேச்சு போனதோடு அந்தப் பச்சைப் புடவை விற்பனையும் போயிற்று. 2022 தீபாவளியில் விற்பனை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் 2023 மே மாதம் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். நல்ல மரியாதையாகப் பேசினார், நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மாதம் 6,500 ராண்ட், ஆறு மாத ஒப்பந்தம், விளம்பரப் படம் எடுக்க ஒரு முறை 4,000. "மக்கள் மொத்தமாகப் பார்க்கும் தொடர்களுக்கு நடுவே, சாட்ஸ்வொர்த் வீடுகளின் ஸ்ட்ரீமிங் திரையில் உங்கள் கடை வரும்" என்றார். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். "ஸ்ட்ரீமிங் தளங்கள்" என்று இருந்ததே தவிர, எந்தத் தளம் என்று எங்கும் இல்லை. கேட்டேன். "எல்லாத் தளத்திலும் கணினி தானாகத் தேர்ந்தெடுக்கும்" என்றார்.

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஒரு தளத்தை உங்கள் ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதற்காக அதில் உங்கள் விளம்பரம் வந்துவிடாது. நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத்தோடு கூடிய குறைந்த விலைத் திட்டத்தை 2022 நவம்பரில் 12 நாடுகளில் தொடங்கியது. அந்தப் பன்னிரண்டில் தென்னாப்பிரிக்கா இல்லை. அதாவது எங்கள் தெருப் பெண்கள் ராத்திரி முழுக்க எதைப் பார்க்கிறார்கள் என்று அவர் விரல் நீட்டிக் காட்டினாரோ, அதற்குள் நுழைய எந்தக் கடைக்காரருக்கும் அப்போது வழியே இல்லை. அதனால் முதல் கேள்வி இதுதான்: எந்தத் தளம், அந்தத் தளம் நம் நாட்டில் இன்றைக்கு விளம்பரம் எடுக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தளத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், தளமே இல்லை என்றுதான் கணக்கு.

முதல் இரண்டு மாதம் அறிக்கை அழகாக வந்தது. ஆயிரக்கணக்கில் பார்வை, மேலே ஏறும் கோடு. ஆடி மாதம் இங்கே பல கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், மஞ்சள் புடவையும் செம்பும் நன்றாகப் போகும். அந்த ஆண்டு கடையில் ஈ ஆடவில்லை. நிறுவனத்தைக் கேட்டால் "பெயர் மனதில் பதிய நேரம் எடுக்கும், தீபாவளிக்குப் பாருங்கள்" என்றார்கள். தீபாவளியை நம்பிச் சரக்கு எடுத்தேன். இங்கே பலர் புரட்டாசி முழுக்க விரதம். விரதம் முடிந்த பிறகுதான் துணி எடுக்கக் கிளம்புவார்கள். அந்த மூன்று நான்கு வாரம்தான் எங்கள் வருஷம். நவம்பர் 12 தீபாவளி. முந்தைய நாள் இரவு கடையைச் சாத்தும்போது அலமாரியில் பாதிப் புடவை அப்படியே இருந்தது. கணவர் கப்பல் வேலையில் கடலில் இருந்தார், போனில் "எல்லாம் நல்லா போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றிரவு தூங்கவில்லை. என் மேல் வந்த கோபத்தை விட, அந்த மேலே ஏறும் கோட்டின் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. அத்தனை ஆயிரம் பேர் பார்த்திருந்தால் ஒருத்தியாவது கடைக்குள் வந்து "உங்க விளம்பரம் பார்த்தேன்" என்று சொல்லியிருக்க வேண்டாமா?

உண்மையில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அக்டோபரில் ஒரு கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, உங்க விளம்பரம் ஒரே ராத்திரியில அத்தனை தடவை வந்துச்சு, சத்தத்தைக் குறைச்சிட்டேன்" என்றாள். தீபாவளிக்கு மறுவாரம் அது நினைவுக்கு வந்து உறைத்தது. தொடர்ந்து பார்ப்பவரிடம் ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்வை எண்ணிக்கை ஏறும், ஆனால் ஆள் ஒருவர்தான். அவரும் எரிச்சலில் இருப்பார். ஒருவருக்கு ஒரு நாளில் அல்லது ஒரு வாரத்தில் எத்தனை முறை காட்டலாம் என்று வரம்பு வைக்க முடியும். எனக்கு அந்த வரம்பை யாரும் வைத்திருக்கவில்லை. எத்தனை பார்வை என்று கேட்காதீர்கள், எத்தனை தனி ஆட்கள் என்று கேளுங்கள்.

பிறகு முழு விவரம் கேட்டு எழுதினேன். விளம்பரம் எந்தெந்தச் சேனலில், எந்த ஊரில், எந்தத் திரையில் வந்தது என்ற பட்டியல். மூன்று முறை தட்டிக் கழித்தார்கள். விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்ததால் நானாகத் திறந்து பார்க்க வழியில்லை. கடைசியில் வந்த பட்டியலைப் படிக்கும்போது கை நடுங்கியது. தொடர்களுக்கு நடுவே என்று சொன்னது எல்லாம் யூடியூப். அதிலும் பாதிக்கு மேல் குழந்தைகளின் கார்ட்டூன், விளையாட்டு வீடியோ. அம்மா சமைக்கும் நேரத்தில் பிள்ளை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த வீடியோவுக்கு முன்னால் என் பட்டுப்புடவை வந்திருக்கிறது. ஜொகனஸ்பர்க், கேப்டவுன், ஏன், இந்தியாவில் இருந்து கூடப் பார்வைகள் இருந்தன. கூகுள் விளம்பரத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. கை வைக்காமல் விட்டால், அந்த ஊரில் இருப்பவர்களோடு சேர்த்து, அந்த ஊர் மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். டர்பனுக்குச் சுற்றுலா வர யோசிப்பவரும் அதில் அடக்கம். "அங்கே இருப்பவர்கள் மட்டும்" என்று மாற்ற வேண்டும். மாற்ற ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆறு மாதம் யாரும் மாற்றவில்லை. நான் மாதக் கட்டணமாகக் கொடுத்த 39,000-இல் உண்மையில் விளம்பரத்துக்குப் போனது 11,000 சொச்சம், மீதி 28,000 "நிர்வாகக் கட்டணம்". ஆகவே கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்கச் சொல்லி, நிறுவனத்துக்கு அதில் வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள். விளம்பரக் காசு உங்கள் அட்டையில் இருந்து நேரே தளத்துக்குப் போகட்டும், நிறுவனத்தின் கூலி தனி ரசீதாக வரட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

இன்னொன்றும் பட்டியலில் தெரிந்தது. விளம்பரப் படத்தில் பேச்சு முழுக்கத் தமிழ். கேட்க அழகாக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் இங்கே நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ்த் தொடரைக் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் ஓடிடி பக்கம் போனதற்கு அந்த எழுத்து ஒழுங்காக வருவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுத்தே இல்லாத என் விளம்பரம் பலருக்கு வெறும் சத்தம். கடை பெயரும் கடைசியில்தான் வந்தது. ஐந்து வினாடியில் தாண்டிப் போகும் வசதி உள்ள இடத்தில் கடைசி வினாடியை யார் பார்ப்பார்கள்? முதல் ஐந்து வினாடிக்குள் கடை பெயர், எந்த யூனிட் (கடை எண்), எது எதிரில் என்று எழுத்தில் வந்துவிட வேண்டும். பார்வைக்குக் கட்டணம் என்ற முறையில், 30 வினாடிக்கு முன்னாலேயே அவர் தாண்டிவிட்டால் உங்களுக்குக் காசும் இல்லை. பெயர் மட்டும் இலவசமாகப் போய்ச் சேரும். படம் 30 வினாடிக்குக் குறைவு என்றால் முழுதும் ஓடினால் காசு.

அந்த ஆண்டு லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) மிகவும் மோசம். கரண்ட் இருக்கும்போதே பகுதிகளைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு இருட்டில் படுத்துப் பார்த்தவர்கள் நிறைய. இறக்கி வைத்த தொடருக்குள் உள்ளூர்ப் புடவைக் கடை விளம்பரம் எப்படி வரும்? இதை நிறுவனத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் தானாக இன்னும் ஆறு மாதம் நீளும் என்று ஒரு வரி இருந்தது. கடை கம்பெனியாகப் பதிவானதல்ல, என் பெயரில்தான் நடக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், குறித்த கால ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்து முறித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கடிதம் கொடுத்து நீட்டிப்பை நிறுத்தினேன். கொடுத்ததைத் திரும்பப் பெற வக்கீலிடம் போனால் அவருக்கே இன்னொரு அவ்வளவு வேண்டும். கோயிலில் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, "ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போம்மா, அங்க வக்கீல் வாதாடவே கூடாது" என்றார். அவரிடம்தான் முதன்முதலாக முழுக் கதையையும் சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

சின்னத் தொகை வழக்குகளுக்கான அந்த நீதிமன்றத்தின் உச்சவரம்பு 2019 ஏப்ரலில் இருந்து 20,000 ராண்ட். அதற்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுத்துவிட்டு 20,000-க்கு வழக்குப் போடலாம். தனி மனிதர்தான் வழக்குப் போட முடியும், பதிவு செய்த கம்பெனி போட முடியாது. ஆனால் கம்பெனி மேல் போடலாம். முதலில் எதிர்த்தரப்புக்கு 14 நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் தர வேண்டும், நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். அந்தச் சான்றைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் அலுவலகத்தில் அடுத்த படிக்கு நகர மாட்டார்கள். நான் கடிதத்தோடு அந்தச் சேனல் பட்டியலையும், "சாட்ஸ்வொர்த் வீடுகள்" என்று அவர்கள் அனுப்பியிருந்த வாட்ஸாப் செய்தியையும் இணைத்தேன். வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம், வாட்ஸாப் நின்றது. விசாரணைத் தேதிக்கு முன்னால் அவர்களே பேச வந்து 12,000 கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். முழுதாகப் போராடியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. தை மாதம் காவடி வரப் போகிறது, கடையில் நிற்க ஆள் இல்லை, எனக்கு அந்த விஷயம் தலையை விட்டு இறங்கினால் போதும் என்று இருந்தது. ஆக, கையை விட்டுப் போனது 31,000, விற்காத சரக்கு தனி.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கிக் கல்லாப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். வருபவர்களிடம் பில் போடும்போது சும்மா கேட்பேன்: இப்போ என்ன பார்க்கிறீங்க, எப்போ பார்க்கிறீங்க, எதில் பார்க்கிறீங்க. எந்த நிறுவனத்தின் அறிக்கையும் இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வராது. ஆயாக்கள் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மகள் வீட்டு டிவியில் ஐந்தாறு பகுதியை ஒன்றாகப் பார்க்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல், போனில், காதில் ஒயரோடு. வயசுப் பிள்ளைகள் கொரியத் தொடர் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் கல்யாணத்துக்குப் புடவை வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தொடர்களை வழக்கமாக அமெரிக்கப் பசிபிக் நேரம் நள்ளிரவில் விடும். நமக்கு அது காலை ஒன்பது அல்லது பத்து. வெள்ளிக்கிழமை காலை வந்ததை ஞாயிறு இரவுக்குள் முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வார இறுதியில் சனிக்கிழமை கடை காலியாக இருக்கும், திங்கள் செவ்வாயில் கூட்டம் வரும். இதைக் கண்டுகொண்ட பிறகு புதுச் சரக்கை வெள்ளியன்று பிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

விளம்பரத்தை விட்டுவிடவில்லை. இப்போது கணக்கு என் பெயரில், மாதம் 1,500 ராண்டுக்கு மேல் போவதில்லை. கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும், குழந்தைகள் வீடியோ வேண்டாம், ஒருவருக்கு வாரத்தில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இரவு ஒன்பதில் இருந்து பதினொன்றரை வரை போன்களுக்கு, ஞாயிறு மதியம் டிவி திரைகளுக்கு. டிவியில் பார்ப்பவர் திரையைத் தட்டி நம்மைத் தேடி வர முடியாது, அதனால் அங்கே போகும் படத்தில் வாட்ஸாப் எண்ணைப் பெரிய எழுத்தில், படம் முடியும் வரை வைத்திருக்கிறேன். இரவு பத்தேகாலுக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு புடவை, ஒன்றே ஒன்று, விலையோடு. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பெண்கள் போனைப் புரட்டும் நேரம் அது. பதினொன்றுக்குள் "எடுத்து வையுங்க அக்கா" என்று இரண்டு மூன்று செய்தி வந்துவிடும். ரேடியோவையும் திரும்பக் கொண்டுவந்தேன். சமையலறையில் கேட்பவர்கள் இன்னும் அதே நேரத்தில்தான் கேட்கிறார்கள், புரட்டாசி முடியும் வாரத்தில் அங்கே கொடுத்த காசு 2024-இல் எனக்கு நன்றாகவே திரும்பி வந்தது. 2023-இல் தங்கிப்போன புடவைகளும் பெரும்பாலும் போய்விட்டன, கடைசிப் பெட்டியை மட்டும் வாங்கிய விலைக்கே கொடுத்தேன்.